பரிமாறுகிறவர் சொல்லும் ‘போதும்’

பந்தியில் ‘போதும்’ என்று சொல்லும் உரிமை சாப்பிடுகிறவருக்குத்தான் உண்டு. இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினால்கூட, பரிமாறுகிறவர் “இன்னும் கொஞ்சம்” என்று ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்வார். வாளியோடு வந்தவரே “போதும்” என்று சொல்லிவிட்டால் அது அவமரியாதை. அந்த வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பத்து வருடம் பேசுவார்கள். ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்ற பழமொழியும் பெறுகிறவனுக்குச் சொன்னதுதான். ஒன்றை உருவாக்கிக் கொடுக்கிறவனுக்கு இந்த மருந்தை யாரும் எழுதித் தருவதில்லை. அவனிடம் நாம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: அடுத்து என்ன? அடுத்த புத்தகம் எப்போ? அடுத்த படம் எப்போ?

கொடுக்கிறவன் தானாகவே ‘போதும்’ என்று சொல்லலாமா? சொன்னால் அது நேர்மையா, பயமா, திமிரா? இதை எனக்கு யோசிக்கக் கொடுத்தது ஒரு டெத் மெட்டல் ஆல்பம். போல்ட் த்ரோவர் என்ற ஆங்கிலேயக் குழு 2005 நவம்பரில் வெளியிட்ட ‘தோஸ் ஒன்ஸ் லாயல்’. அவர்களுடைய எட்டாவது ஸ்டுடியோ ஆல்பம், கடைசி ஆல்பமும் அதுவே.

மெட்டல் என்றாலே நம் ஊரில் சிலருக்குச் சாத்தானும் கறுப்புச் சட்டையும்தான் ஞாபகம் வரும். 2000களின் தொடக்கத்தில் மலேசியப் பத்திரிகைகள் கிளப்பிய பிளாக் மெட்டல் பீதி இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் ஒரு சின்ன அறிமுகம். டெத் மெட்டல் என்பது எண்பதுகளின் நடுவில் உருவான இசை. தாழ இறக்கி முறுக்கிய கிட்டார், இரண்டு காலாலும் மிதிக்கும் டிரம், அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல் குரல். பெயருக்கேற்ப இதன் பேசுபொருள் பெரும்பாலும் சாவு. பல குழுக்கள் அதைப் பேய்ப்படம் மாதிரி எடுத்துக்கொண்டன. போல்ட் த்ரோவருக்குச் சாவு என்றால் போர்.

அதற்கு ஊரும் ஒரு காரணமாக இருக்கலாம். 1986இல் இந்தக் குழு தொடங்கிய கோவென்ட்ரி, 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிய நகரம். எரிந்துபோன பழைய பேராலயத்தின் சுவர்களை அப்படியே விட்டுவிட்டு, அதை ஒட்டியே புதியதைக் கட்டி 1962இல் திறந்தார்கள். கூரையில்லாத அந்த இடிபாடு இன்றும் நகரத்தின் நடுவில் நிற்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் கிட்டாரை எடுத்தபோது போரைப் பற்றிப் பாடியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அவர்கள் போரைப் பார்த்த விதம் வருடத்துக்கு வருடம் மாறியது. 1989இல் வந்த ‘ரெல்ம் ஆஃப் கேயாஸ்’ ஆல்பத்தின் அட்டையில் இருப்பது வார்ஹாமர் என்ற மேசை விளையாட்டின் கற்பனைப் போர். 1992இல் ‘தி ஃபோர்த் குருசேட்’ அட்டைக்கு டெலாக்ரூவாவின் ஓவியம், அதாவது வரலாறு. 2005க்கு வரும்போது அட்டையில் லண்டன் ஹைட் பார்க் கார்னரில் இருக்கும் பீரங்கிப் படை நினைவுச்சின்னத்தின் கல் புடைப்புச் சிற்பம். முதல் உலகப் போரில் செத்தவர்களுக்காக எழுப்பியது. விளையாட்டுப் பொம்மையில் தொடங்கிக் கல்லறைக் கல்லில் வந்து நிற்பதற்குப் பதினாறு வருடம் ஆகியிருக்கிறது.

அந்த ஆல்பம் ஒன்பது பாடல்கள், நாற்பது நிமிடத்துக்குப் பக்கம். டெத் மெட்டலில் வேகம் ஒரு பெருமை. இவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தவர்கள். இங்கே இசை ஓடுவதில்லை, டாங்கி மாதிரி ஊர்ந்து வருகிறது. கேவின் வார்டும் பாரி தாம்சனும் கிட்டாரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப உழுகிறார்கள். எண்பதுகளின் இறுதியில், மெட்டல் மேடையில் பெண்ணைப் பார்ப்பதே அரிதாக இருந்த காலத்தில், பேஸ் கிட்டாரோடு வந்து சேர்ந்த ஜோ பெஞ்ச் அந்த உழவுக்கு அடியில் நிலமாக இருக்கிறார். கார்ல் வில்லெட்ஸின் உறுமலில் வார்த்தைகள் புரியும். அது இந்த இசையில் ஒரு மரியாதை. டிரம்மில் மார்ட்டின் கியர்ன்ஸ். வெற்றிக் கோஷம் எதுவும் இதில் இல்லை. எதிரி யார் என்று பெயர்கூடச் சொல்வதில்லை. பதுங்குகுழியில் நிற்பவனின் கண் உயரத்திலிருந்து எல்லாம் நடக்கிறது.

நான் இதைக் கேட்கத் தொடங்கியபோது ஆல்பம் வந்து பல வருடம் ஆகியிருந்தது. எல்ஆர்டியில் போகும்போதும் வரும்போதும் ஒரு முழுச் சுற்று கேட்டு முடிக்கலாம். பிடித்துப்போய், இதற்கு அடுத்தது என்ன என்று தேடினேன். அடுத்தது எதுவும் இல்லை. ஏன் இல்லை என்ற கதைதான் ஆல்பத்தைவிட அதிக நாள் என்னைப் பிடித்து வைத்தது.

*

இந்தக் கதையில் இரண்டு நிறுத்தங்கள் இருக்கின்றன. முதலாவது 2008இல். ஒன்பதாவது ஆல்பத்துக்கான பாடல்களை எழுதத் தொடங்கியிருந்த குழு, அந்த வேலையைக் கைவிடுவதாகச் சொன்னது. காரணம் எளிமையானது. குறையில்லாத ஒரு போல்ட் த்ரோவர் ஆல்பத்தைச் செய்ய வேண்டும் என்பதுதான் ஆரம்பத்திலிருந்து அவர்களுடைய ஆசை. ‘தோஸ் ஒன்ஸ் லாயல்’ அதுதான் என்று அவர்களுக்குத் தோன்றியது. புதிய பாடல்கள் அதன் பக்கத்தில் நிற்கவில்லை. நிற்காததை வெளியிட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சண்டை இல்லை, நோய் இல்லை, கம்பெனியோடு தகராறு இல்லை.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சந்தேகம்தான் வந்தது. ‘நாங்கள் உச்சத்தைத் தொட்டுவிட்டோம்’ என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறதே. தோற்க வாய்ப்பில்லாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எழுதாத புத்தகத்தை யாரும் திட்டி விமர்சனம் எழுத முடியாது. நமக்குத் தெரிந்த எழுத்தாளர்களிலேயே இப்படி ஒருவராவது இருப்பார்: முதல் தொகுப்புக்குப் பரிசு கிடைத்தது, அதோடு சரி. கேட்டால் ‘நான் எழுதினால் அதைத் தாண்டித்தான் எழுதணும்’ என்பார். அது தரத்தின் மீதுள்ள பிடிவாதமா, பயத்துக்குப் போட்ட நல்ல சட்டையா என்று வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். களைப்பு, பயம், தீர்ப்பு மூன்றும் வெளியே நிற்கிறவனுக்கு ஒரே மாதிரி மௌனமாகத்தான் கேட்கும்.

பின்லாந்தின் சிபேலியுஸை எடுத்துக்கொள்வோம். 1924இல் ஏழாவது சிம்பொனி, 1926இல் ‘டாப்பியோலா’. அதன் பிறகு பெரிய படைப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. அவர் இறந்தது 1957இல். நடுவில் முப்பது வருடம். அந்த வருடங்களில் எட்டாவது சிம்பொனியோடு போராடினார். வரும் வரும் என்று உலகம் காத்திருந்தது. 1940களில் ஒருநாள் தன் கையெழுத்துப் பிரதிகளை வீட்டு அடுப்பில் போட்டு எரித்தார். எட்டாவதும் அதோடு போயிற்று என்றே நம்பப்படுகிறது. எரித்த பிறகு அவர் மனம் லேசானது என்று மனைவி ஐனோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிபேலியுஸும் தன் அளவுகோலுக்கு எட்டாததை வெளியிட மறுத்தவர்தான். ஆனால் அவருடைய ‘போதும்’ வாயிலிருந்து வர இருபது வருடம் ஆனது, அதுவும் நெருப்பின் வழியாக வந்தது.

போல்ட் த்ரோவரின் ‘போதும்’ அப்படிப்பட்டதில்லை என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் வேலையை விட்டு ஓடவில்லை. 2008க்குப் பிறகும் ஏழு வருடம் மேடை ஏறினார்கள். பழைய பாடல்களை, கேட்டவர்களுக்கே மறுபடி மறுபடி வாசித்தார்கள். டிக்கெட் விலையையும் சட்டை விலையையும் முடிந்தவரை குறைவாக வைப்பார்கள் என்று ரசிகர்களிடம் அவர்களுக்குப் பெயர் இருந்தது. பயந்து நிறுத்தியவன் தன் பழைய வேலையின் பக்கம் போகவே கூசுவான். இவர்கள் அதன் உள்ளேயே குடியிருந்தார்கள். புதிதாக ஒரு அறை கட்டவில்லை, அவ்வளவுதான்.

‘ஒன்பதாவது இன்னும் நன்றாக வந்திருக்கலாமே, எப்படித் தெரியும்?’ என்று கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் இந்தக் கேள்வி ‘சிறந்தது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு கேட்கப்படுகிறது. சிறந்ததற்கு முடிவே கிடையாது. ஒன்றைவிட இன்னொன்று எப்போதும் சிறக்க முடியும். அவர்கள் பேசியது ‘நிறைந்தது’ என்பதைப் பற்றி என்று எனக்குப் படுகிறது. தமிழில் இந்தச் சொல் கொஞ்சம் விசேஷமானது. நிறைவு என்றால் நிரம்பியிருப்பது; முடிவும் அதுதான். நிகழ்ச்சியின் கடைசியில் பேசுவது நிறைவுரை. பழைய தொடர்கதைகளின் அடியில் போடும் ‘முற்றும்’ என்ற சொல்லும் அப்படித்தான். முற்றியது என்றால் முடிந்தது, முற்றியது என்றால் விளைந்தது. தேங்காய் முற்றிவிட்டது என்கிறோம். அதற்கு மேல் அது மரத்தில் இருந்து செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. முடிவதும் விளைவதும் ஒரே சொல்லாக இருக்கும் ஒரு மொழியில் நின்று பார்த்தால் 2008 முடிவு அவ்வளவு விசித்திரமாகத் தெரியவில்லை.

இதை எல்லோருக்கும் விதியாக்க மாட்டேன். முதல் கதை எழுதியவர் ‘முற்றியது’ என்று உட்கார்ந்தால் அது பிஞ்சிலேயே வெம்பியது. போல்ட் த்ரோவருக்குப் பின்னால் இருந்தது எட்டு ஆல்பம். தவிர, நிறுத்தம் மாற்றவே முடியாததாக இருக்க வேண்டியதும் இல்லை. கார்கஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயக் குழு 1996இல் தன் ஆல்பத்துக்கு ‘ஸ்வான்சாங்’ என்று பெயர் வைத்து, அன்னத்தின் கடைசிப் பாட்டு என்று சொல்லிவிட்டுக் கலைந்தது. 2013இல் ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று திரும்பி வந்தது. நல்ல ஆல்பம், வந்தது சந்தோஷம்தான். அன்னம் மறுபடி பாடினால் யாரும் வழக்குப் போட முடியாது.

*

இரண்டாவது நிறுத்தம் வேறு வகை. 2015 செப்டம்பர் 14 அன்று மார்ட்டின் கியர்ன்ஸ் எதிர்பாராமல் இறந்துபோனார். வயது 38. பதின்வயதிலேயே, 1994இல், குழுவில் சேர்ந்தவர். நடுவில் சில வருடம் விலகி, திரும்பி வந்து கடைசி இரண்டு ஆல்பங்களுக்கும் வாசித்தவர். குழு சரியாக ஒரு வருடம் காத்திருந்தது. 2016 செப்டம்பர் 14 அன்று, இனி போல்ட் த்ரோவர் இல்லை, இந்தக் குழுவின் டிரம்மர் என்றைக்கும் மார்ட்டின்தான் என்ற பொருளில் அறிவித்தது. நம் வீடுகளில் முதல் வருடத் திதி கழியும்வரை எந்த நல்ல காரியமும் எடுப்பதில்லை. கோவென்ட்ரிக்காரர்களுக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துக்கத்துக்கு ஒரு வருடக் கணக்கு இருப்பது எல்லா ஊருக்கும் தெரியும்போல.

இந்த முடிவை அறிவால் அணுகினால் உதைக்கிறது. செத்துப்போனவருக்கு இதனால் என்ன லாபம்? எபிகூரஸ் சொன்னதுபோல, நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வந்தபோது நாம் இல்லை. இல்லாத ஒருவரின் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்தால் அவருக்கு வலிக்காது. அதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தக் குழு ஏற்கெனவே ஆள் மாற்றிய குழுதான். கியர்ன்ஸுக்கு முன்னால் ஆன்ட்ரூ வேல் டிரம் வாசித்தார். வில்லெட்ஸ் விலகியிருந்தபோது 2001 ஆல்பத்தில் டேவ் இங்ரம் பாடினார். அப்போதெல்லாம் பெயர் தொடர்ந்தது. இப்போது மட்டும் ஏன் கூடாது? பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் செத்தார். ஏசி/டிசி அதே வருடம் ஜூலையில் புதுப் பாடகரோடு ‘பேக் இன் பிளாக்’ வெளியிட்டது. உலகமே கொண்டாடியது. அவர்கள் துரோகிகளா?

எனக்கு இங்கே என் பெரியப்பா ஞாபகம் வருகிறார். முப்பது வருடத்துக்கு மேல் உறுமி மேளக் குழு நடத்தியவர். அவரும் இன்னொருவரும் எஸ்டேட்டில் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகக் குழு ஆரம்பித்தவர்கள். அந்தக் கூட்டாளி ஒருநாள் லாரி மோதிச் செத்துப்போனார். சாவு மேளம் பெரியப்பாவே வாசித்தார். பத்து நாள்கூட ஆகவில்லை, கோயில் திருவிழாவுக்குப் புதுப் பையன் ஒருவனைக் கூட்டாளியின் இடத்தில் நிறுத்திவிட்டார். கூட்டாளியின் மேளமே அந்தப் பையனின் தோளில். சொந்தக்காரர்கள் சிலருக்கே அது பிடிக்கவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. “ஏன் பெரியப்பா, கொஞ்ச நாள் நிறுத்தி வச்சிருக்கலாமே?” என்றேன். அவர் கோபப்படவில்லை. “ஆள் போய்ட்டான்னு மேளத்தைக் கீழ வச்சா, அவன் வாசிச்சதெல்லாம் வீணாப் போயிரும்டா. தோல் காஞ்சு போயிரும். அவன் அடி இன்னும் அதுலதான் இருக்கு” என்றார்.

பெரியப்பா விசுவாசமில்லாதவரா? அந்தக் கேள்வியை அவர் முன்னால் கேட்கவே எனக்கு வாய் வராது. ஒரே மாதிரி இழப்பு. ஒருவர் தொடர்ந்தார், நான்கு பேர் நிறுத்தினார்கள். இரண்டும் விசுவாசம் என்றால் அந்தச் சொல்லுக்கு ஏதாவது அர்த்தம் மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது என்று நினைக்கிறேன். உறுமி அடி பெரியப்பாவுக்கும் கூட்டாளிக்கும் முன்னாலிருந்தே இருந்தது, அவர்களுக்குப் பின்னாலும் இருக்கும். சாவு வீட்டுக்கும் தீமிதிக்கும் மேளம் தேவை. ஊர் அவர்களை நம்பியிருந்தது. அங்கே ஆளைவிட அடி பெரிது. அதனால் அடியைக் காப்பாற்றுவதே ஆளுக்குச் செய்யும் மரியாதை. போல்ட் த்ரோவர் விஷயத்தில் அந்த ஆட்களுக்கு வெளியே காப்பாற்ற வேண்டிய ஒன்று இல்லை. பாடல்கள் ஏற்கெனவே பதிவாகிவிட்டன. அவற்றை யாரும் பறிக்க முடியாது. புதியது செய்வதில்லை என்று 2008லேயே முடிவாயிற்று. மீதி இருந்தது, சிலர் சேர்ந்து மேடையில் நிற்கும் அந்த ஒன்றாக இருத்தல் மட்டும்தான். அதில் ஒருவர் போனதும், தொடர்வதற்கு எது மிச்சம்? முன்பு ஆள் மாறியபோது போனவர் தானாகப் போனார், இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனார். கியர்ன்ஸ் காலி செய்யவில்லை.

ஆகவே ‘இறந்தவருக்கு என்ன லாபம்’ என்ற கேள்வி தவறான வாசலைத் தட்டுகிறது. விசுவாசம் லாபக் கணக்கில் வராது. இறந்தவரோடு நமக்கு மிச்சமிருக்கும் ஒப்பந்தம் ஒருபக்கக் கையெழுத்து உள்ளது. அதை மீறினால் கேட்க ஆள் இல்லை, காப்பாற்றினால் பாராட்டவும் ஆள் இல்லை. அந்த நிலையில் நாம் என்ன செய்கிறோம் என்பது அவரைப் பற்றிச் சொல்வதைவிட, அவரோடு சேர்ந்து நாம் செய்தது என்ன பொருளாக இருந்தது என்பதைச் சொல்கிறது. கான்ட் இருந்திருந்தால் ‘இதை எல்லோருக்கும் விதியாக்க முடியுமா?’ என்று கேட்டிருப்பார். முடியாது. ஏசி/டிசி தொடர்ந்தது தப்பில்லை. ஆனால் ‘எல்லோரும் இதைச் செய்ய வேண்டும்’ என்று சொல்லாமலேயே ‘என்னால் வேறு மாதிரி செய்ய முடியாது’ என்று ஒருவர் சொல்லும் இடமும் அறத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

கதை இன்னும் ஒரு சுற்று சுற்றுகிறது. 2016இல் கார்ல் வில்லெட்ஸ் மெமோரியம் என்ற புதிய குழுவைச் சேர்ந்து தொடங்கினார். பெயரிலேயே நினைவு இருக்கிறது. டிரம்மில் யார் என்றால், கியர்ன்ஸுக்கு முன்னால் போல்ட் த்ரோவரில் வாசித்த அதே ஆன்ட்ரூ வேல். பெரியப்பா இதைக் கேட்டால் தலையாட்டுவார். பெயரைக் கீழே வைத்தார்கள். குரலைக் கீழே வைக்கவில்லை. ரசிகர்களில் சிலர் ‘அப்படியானால் பழைய பெயரிலேயே செய்திருக்கலாமே’ என்றார்கள். அந்தப் பெயருக்குக் கூட்டம் அதிகம் வரும், பணம் அதிகம் வரும். அது தெரிந்தே வைக்கப்பட்டதால்தான் அந்தப் பெயரைக் கீழே வைத்ததற்கு எடை இருக்கிறது. விலையில்லாத ஒன்றை விட்டுக்கொடுப்பதை நாம் தியாகம் என்று சொல்வதில்லை.

*

ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் நினைவுச்சின்னத்தைச் செய்தவர் சார்லஸ் சார்ஜன்ட் ஜாகர். அந்தப் போரில் தானே சண்டையிட்டுக் காயம்பட்ட சிற்பி. 1925இல் திறந்தபோது அது பலருக்குப் பிடிக்கவில்லை. உச்சியில் ஒரு பெரிய ஹவிட்சர் பீரங்கி, முழுக்கக் கல்லில். நான்கு பக்கமும் வெண்கல மனிதர்கள். அதில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். அவனுடைய கோட்டையே போர்த்தி முகத்தை மூடியிருக்கிறது. தேவதை இல்லை, மலர் வளையத்தோடு இறங்கி வரும் பெண் இல்லை. செத்தவனைச் செத்தவனாகவே காட்டியது அப்போது பலரைச் சங்கடப்படுத்தியது. இன்று அதை அந்தக் காலத்தின் மகத்தான சிற்பங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள்.

படங்களில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கல் பீரங்கியில்தான் என் கண் நிற்கிறது. ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு திருகாணியும் சரியாக இருக்கிறது. ஆனால் அது சுடாது. சுடாமல் இருப்பதற்காகவே அவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டது. ஒன்றைச் செய்யத் தெரிந்தவர்கள், அதைச் செய்யாமல் நிற்பதற்கும் அதே அளவு வேலை தேவைப்படும் என்பது எனக்கு அங்கே புரிகிறது.

நம் சிறிய இலக்கிய வட்டத்தில் நாம் ஒருவரையொருவர் சந்தித்ததும் கேட்பது ‘இப்போ என்ன எழுதுறீங்க?’. அன்போடுதான் கேட்கிறோம், சிலருக்கு அந்தக் கேள்விதான் எழுதவே வைக்கிறது. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் கேட்கப்பட்டவர் ஒருநாள் ‘எழுதலை. சொல்ல வேண்டியது முன்னாடி எழுதினதுலேயே இருக்கு’ என்று சொன்னால், சோம்பேறி என்றோ தீர்ந்துபோனவர் என்றோ முடிவுகட்டுவதற்கு முன்னால், முன்னாடி எழுதியதை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். முற்றியதா, வெம்பியதா என்பது அங்கேதான் தெரியும். அதைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை அவருடையது மட்டும் இல்லை, நம்முடையதும்தான்.